அச்சுக்கோப்பவர் கையில் இருந்த இலக்கணம்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



தாளில் 2 என்னும் எண் ஒன்று நிற்கிறது. அதன் வலத்தோளின்மேல் சிறியதாய் ஒரு 3 ஏறி அமருமானால் அதன் மதிப்பு 8. அதே 3 தோளைவிட்டு இறங்கி, 2-இன் உயரத்திற்கு வளர்ந்து, அருகே நின்றுவிட்டால் மதிப்பு 23. இரண்டுக்கும் இடையே படுக்கையாக ஒரு கோடு புகுந்து, 2 மேலும் 3 கீழுமாய் அமைந்தால் மூன்றில் இரண்டு பங்கு. எண்கள் மாறவில்லை. அவை நின்ற இடம் மாறிற்று, பொருள் மாறிற்று. சொல் நிற்கும் இடத்தால் பொருள் வேறுபடும் என்பதைக் கவிஞர்க்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆயினும் கவிதையில் இடம் பொருளுக்கு மெருகூட்டும்; கணிதத்திலோ இடமே பொருள். இத்தகைய எழுத்தை அச்சில் ஏற்றுவதற்கு மாந்தர் பட்ட பாடும், அப்பாட்டிலிருந்து ஓர் இலக்கணம் பிறந்த வரலாறும் இவ்வுரையின் பொருளாகும்.

கணிதம் என்றுமே இவ்வாறு எழுதப்பட்டு வந்ததன்று. பாஸ்கரர் 1150ஆம் ஆண்டளவில் இயற்றிய லீலாவதி செய்யுளால் ஆனது. தமிழில் வழங்கும் கணக்கதிகாரமும் செய்யுளால் ஆனதே. நிலத்தின் பரப்பும் நெல்லின் அளவும், அறுக்காமலே பலாப்பழத்தின் சுளைகளை எண்ணும் வழியும் அங்கே பாட்டாகவே சொல்லப்படுகின்றன. பின்னங்களுக்குத் தமிழில் பெயர்கள் இருந்தன. அரை, கால், அரைக்கால், மா, காணி, முந்திரி என்று அவை இறங்கிச் செல்லும். எண்பதில் ஒரு பங்கு காணி. முந்நூற்றிருபதில் ஒரு பங்கு முந்திரி. பெயருடையதை வாயால் சொல்லலாம், செவியால் கேட்கலாம், நெஞ்சில் பதிக்கலாம். ஓலையின் எந்த மூலையில் எழுதினாலும் அதன் பொருள் சிதையாது.

ஐரோப்பாவிலும் கணிதம் நெடுங்காலம் உரைநடையாகவே இருந்தது. 1557ஆம் ஆண்டில் ராபர்ட் ரெக்கார்டு என்னும் வேல்ஸ் நாட்டு மருத்துவர், 'சமமாகும்' என்று மீண்டும் மீண்டும் எழுதிச் சலித்து, இரண்டு இணைகோடுகளை அதற்குக் குறியாக்கினார். இணையான இரு கோடுகளைவிடச் சமமானவை வேறெவை என்பது அவர் கூறிய காரணம். 1637இல் டெக்கார்த்து தம் வடிவியல் நூலில் அடுக்கெண்களைத் தோளின்மேல் சிறிதாய் ஏற்றி எழுதினார். இவ்வெண்பது ஆண்டுகளுக்குள் கணிதம் செவியிலிருந்து கண்ணுக்குக் குடிபெயர்ந்தது எனலாம். ஒரு பக்க உரைநடை ஒரு வரிச் சமன்பாடாய்ச் சுருங்கியது பெரும் பேறு. ஆனால் அவ்வரியை இனி ஓதிக் காப்பாற்ற இயலாது. அதைக் காப்பது எழுதுகிறவரின் கையும், அச்சிடுகிறவரின் கையும்தாம்.

சிறு குறி பெரும்பொருளைச் சுமப்பதைத் தமிழுலகமும் பட்டறிந்துள்ளது. புள்ளி குத்தினால் ஓலை பழுதுபடும் என்று ஏடெழுதுவோர் புள்ளியை விட்டெழுதினர். அதனால் எகர ஏகார வேறுபாடு கண்ணுக்குப் புலப்படாமற் போயிற்று. 'எரி'யா 'ஏரி'யா என்பதை இடம்நோக்கி உணர வேண்டியதாயிற்று. பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் நெடிலுக்குத் தனி வடிவம் தந்து அவ்விடரைத் தீர்த்தார் என்பது இங்குள்ளோர் அறிந்தது. மொழியிலாவது சூழல் துணை நிற்கும். 8 என்று எழுதக் கருதினாரா, 23 என்று எழுதக் கருதினாரா என்பதைச் சூழலைக் கொண்டு அறிவது அரிது.

ஈய எழுத்துக் காலத்து அச்சகத்தைக் கண்டோர் இவ்வவையில் பலர் இருக்கக்கூடும். கம்பாசிட்டர் கேஸ் பெட்டியின் முன் நின்று, கையிலுள்ள ஸ்டிக்கில் எழுத்துகளை ஒவ்வொன்றாய் எடுத்து அடுக்குவார். அங்கே வரி என்பது உலோகத்தாலான ஒரு நேர்ச்சட்டம். செய்யுளுக்கும் உரைநடைக்கும் அச்சட்டம் போதும். ஒரு பின்னம் வந்து நுழைந்தால் சட்டம் உடைந்துபோகும். மேலெண்ணைத் தனியே கோத்து, அதன்கீழ் மெல்லிய உலோகக் கோட்டை வைத்து, அதன்கீழ்க் கீழெண்ணைக் கோத்து, இரண்டையும் நடுவொத்து நிறுத்தி, சுற்றியுள்ள வெற்றிடம் முழுவதையும் எழுத்தில்லாத ஈயத்துண்டுகளால் இறுக்க வேண்டும். பின்னத்திற்குள் வர்க்கமூலமும், அதற்குள் அடுக்கும், அடுக்கின்மேல் அடுக்கும் வந்தால் வேலை பன்மடங்காகும். ஒரு துண்டு மயிரிழை தளர்ந்தாலும் அச்சு ஏறும்போது எண் சாய்ந்துவிடும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்கரான டால்பர்ட் லான்ஸ்டன் உருவாக்கிய மோனோடைப் பொறி, ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியே வார்த்துத் தந்தது. வரி முழுவதையும் ஒரே கட்டியாக வார்க்கும் லைனோடைப் செய்தித்தாளுக்கு ஏற்றது. தனியெழுத்தை வார்க்கும் மோனோடைப் கணிதத்திற்கு ஏற்றது. ஏனெனில் பொறி வார்த்த பின்னும் கை புகுந்து வேலை செய்ய அங்கே இடமிருந்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், ஒரு சூத்திர வரியையே நான்கு மெல்லிய கிடைப்பட்டைகளாகப் பிரித்து வார்த்து அடுக்கும் முறையும் வந்தது. இவ்வளவுக்குப் பிறகும் கணிதப் பிரதிக்கு அச்சகங்கள் மிகுகூலி பெற்றன. ஆங்கில அச்சுத் தொழிலில் அதற்குத் 'தண்டப் பிரதி' என்னும் பொருள்பட ஒரு பெயரே வழங்கியது.

கூலி மிகும்போது எழுதுகிறவரிடம் சென்று 'சற்றுத் தணிந்து எழுதுங்கள்' என்று கேட்கும் வழக்கமும் தோன்றும். 1954இல் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து கணித அச்சு பற்றிய நூல் ஒன்று வெளிவந்தது. சாண்டி என்னும் கணித அறிஞர், பாரெட் என்னும் மெய்ப்பு நோக்குநர், பேட்டி என்னும் பல்கலைக்கழக அச்சுத் தலைவர் ஆகிய மூவரும் சேர்ந்து எழுதியது. அச்சகத்தாரும் அறிஞரும் ஒருவர் கடினத்தை ஒருவர் உணர்ந்து எழுதிய அரிய நூல் அது. அக்காலத்து அறிவுரைகள் பெரும்பாலும் ஒரு திசை நோக்கியவை: பின்னத்தைச் சாய்கோடிட்டு ஒரே வரியில் எழுதுக, அடுக்கின்மேல் நீண்ட கோவையை ஏற்றாது சொல்லால் எழுதுக, எழுத்தின் தலையில் தொப்பி வைப்பதைக் குறைத்துக்கொள்க. இவை நல்ல அறிவுரைகளே. ஆயினும் யாப்பை அச்சகம் தீர்மானிக்கத் தொடங்கிவிட்டது என்பதையும் மறைப்பதற்கில்லை. தமிழில் 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்தில் ணை, லை முதலியவற்றின் பழைய கொம்பு வடிவம் நீங்கியபோதும் அச்சின் எளிமை ஒரு காரணமாய் இருந்தது. அங்கே மாறியது வரிவடிவம் மட்டுமே. சொல்லும் பொருளும் மாறவில்லை. கணிதத்தில் அத்தகைய சலுகைக்கு எல்லை உண்டு.

அவ்வெல்லை எங்கே என்பதற்குச் சீனிவாச இராமானுஜனைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. 1911இல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் அவர் ஒரு வினா விடுத்தார். 1-உடன் 2 மடங்கு ஒரு வர்க்கமூலம். அம்மூலத்திற்குள் 1-உடன் 3 மடங்கு வேறொரு வர்க்கமூலம். அதற்குள் 1-உடன் 4 மடங்கு இன்னொன்று. இவ்வாறு முடிவின்றிச் செல்வதன் வர்க்கமூலம் யாது? விடை 3. இதனைச் சொல்லிக் காட்டுவதற்கே இத்தனை சொற்கள் வேண்டியிருக்கின்றன. தாளில் கண்டாலோ, ஒன்றின் நிழலில் ஒன்றாய்க் கூரைகள் அடுக்கிய ஒரு நீண்ட வீதி போல அது ஒரு நொடியில் விளங்கிவிடும். 1913 ஜனவரி 16 நாளிட்டு அவர் ஹார்டிக்கு எழுதிய மடலில் தொடர் பின்னங்களும் இடம்பெற்றன. பின்னத்தின் அடியில் பின்னம், அதன் அடியில் பின்னம் எனக் கிணற்றுப் படிகள் போல் இறங்குபவை அவை. கூரையை எடுத்து, படியைத் தட்டையாக்கி ஒரே வரியில் எழுதினால் அடைப்புக்குறிகளின் காடுதான் மிஞ்சும்.

அவருடைய கட்டுரைகளின் தொகுதி 1927இல் கேம்பிரிட்ஜில் அச்சுக்கோத்து வெளியிடப்பட்டது. குறிப்பேடுகளோ 1957இல் பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தால் அவருடைய கையெழுத்திலேயே, ஒளிப்படமாக இரு தொகுதிகளில் வந்தன. புரூஸ் பெர்ண்ட் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் அவற்றிலுள்ள முடிபுகளை ஒவ்வொன்றாய் நிறுவி, 1985 முதல் 1998 வரை ஐந்து பாகங்களாக அச்செழுத்தில் பதிப்பித்தார். ஏட்டிலிருந்து அச்சுக்கு வருவதன் அருமையை உ.வே.சா. மரபில் வந்தோர்க்கு விளக்க வேண்டுவதில்லை.

1960களில் நிலைமை மேலும் சரிந்தது. ஈயம் செலவாளியாயிற்று. தட்டச்சுப் பொறியில் அடித்து, அதில் இல்லாத குறிகளைப் பேனாவால் எழுதி நிரப்பி, அப்படியே ஒளிப்படமெடுத்து அச்சிட்ட கணித நூல்கள் பெருகின. 1964இல் தொடங்கிய ஸ்பிரிங்கர் விரிவுரைக் குறிப்புகள் வரிசையின் பழைய தொகுதிகளைப் புரட்டுவோர் இதைக் காணலாம். விரைவும் மலிவும் கிடைத்தன. பக்கத்தின் அழகு போயிற்று. ஒளியச்சு வந்தபோது, மோனோடைப்பில் பழகிய கைகள் ஒவ்வொன்றாய் ஓய்வு பெற்றுக்கொண்டிருந்தன.

இந்நிலையில்தான் டொனால்ட் கனூத் வருகிறார். அவர் 1938இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் பிறந்தவர். தந்தை ஆசிரியப் பணியோடு சிறிய அச்சுத் தொழிலும் நடத்தியவர். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கணிப்பொறியியல் பேராசிரியரான கனூத், கணிநிரலாக்கக் கலை பற்றிய பெருநூலை 1962 முதல் எழுதி வந்தார். அதன் முதல் பாகம் 1968இல் மோனோடைப்பில் அழகுற அச்சாகி வெளிவந்தது. 1977 மார்ச்சு இறுதியில் இரண்டாம் பாகத்தின் புதிய பதிப்புக்கான மெய்ப்பு அவர் கைக்கு வந்தது. இம்முறை அது ஒளியச்சு. மேலும் கீழும் அமையும் சிற்றெழுத்துகள் தரம் தாழ்ந்திருந்தன, இடைவெளிகள் ஒவ்வாதிருந்தன. பதினைந்து ஆண்டு உழைப்பை அவ்வுடையில் காண அவருக்கு மனம் ஒப்பவில்லை.

அதற்குச் சில வாரங்கள் முன்புதான், எண்ணியல் முறையில் நுண்புள்ளிகளால் அச்சிட்ட வேறொரு நூலின் பக்கங்களை அவர் கண்டிருந்தார். புள்ளி ஓரிடத்தில் உண்டு அல்லது இல்லை. அதாவது 1 அல்லது 0. அச்சு என்பது இறுதியில் 1-உம் 0-உம் என்றால் அது கணிப்பொறியாளரின் வேலை என்று அவர் முடிவு செய்தார். 1977 மே மாதத்தில் திட்டத்தை எழுதினார். ஓராண்டு விடுப்பில் முடித்துவிடலாம் என்பது கணக்கு. முடிவதற்கு ஏறத்தாழப் பத்தாண்டுகள் ஆயின. கலை, தொழில் இரண்டையும் குறிக்கும் 'டெக்னே' என்னும் கிரேக்கச் சொல்லின் முதல் மூன்றெழுத்துகளால் அமைப்புக்கு 'டெஃக்' என்று பெயரிட்டார். இறுதி எழுத்தை ககரமாக வல்லென்று ஒலித்தல் கூடாது, தொண்டையிலிருந்து காற்று உரசி வரவேண்டும் என்று அவர் வற்புறுத்துகிறார். ஆங்கிலேயர் நாவுக்கு வராத அவ்வொலிக்குத் தமிழின் ஆய்தம் ஏறக்குறைய உதவும் என்பது ஒரு சுவையான செய்தி.

அவர் வேலையைத் தொடங்கிய முறையே இவ்வவையினர் ஊன்றி நோக்கத்தக்கது. தம் விருப்பப்படி விதிகளை வகுத்துக்கொண்டு அவர் புறப்படவில்லை. சிறந்த பக்கங்களைத் தேடினார். தம் நூலின் பழைய பதிப்புகள், சுவீடன் நாட்டு ஆக்டா மாத்தமாட்டிகா இதழின் பழைய தொகுதிகள், ஒல்லாந்து நாட்டின் இண்டாகேஷியோனஸ் மாத்தமாட்டிக்கே என்னும் இதழின் 1950ஆம் ஆண்டளவிலான தொகுதிகள் ஆகிய மூன்றையும் மேற்கோளாகக் கொண்டார். கூட்டல் குறியின் இருபுறமும் எத்துணை இடம், சமக்குறியைச் சுற்றி எத்துணை, அடுக்கெண் எவ்வளவு உயரத்தில், வர்க்கமூலத்திற்குள் நின்றால் எவ்வளவு தாழ்வில் என்று அளந்தார். 1978 ஜனவரியில் அட்லாண்டாவில் அமெரிக்கக் கணிதக் கழகத்தின் கிப்ஸ் பேருரையை ஆற்றியபோது, தேற்றம் எதையும் நிறுவாமல், கழகத்தின் சொந்த இதழ் பல ஆண்டுகளில் அச்சான பக்கங்களை ஒன்றன்பின் ஒன்றாய்க் காட்டி, அச்சின் ஏற்றத்தையும் வீழ்ச்சியையும் பேசினார்.

அப்பக்கங்களைக் கோத்த கம்பாசிட்டர்கள் எந்த நூலின் முகப்பிலும் பெயர் பெறாதவர்கள். தாம் ஏன் அவ்விடத்தில் அவ்வளவு இடம் விட்டோம் என்று அவர்களைக் கேட்டிருந்தால், 'அதுதான் பார்க்க நன்றாயிருக்கிறது' என்றே சொல்லியிருக்கக்கூடும். அவர்கள் கையில் இருந்தது இலக்கியம். அதைக் கண்டு விதி வகுத்தவர் கனூத். இலக்கியத்திலிருந்து இலக்கணம் எடுக்கப்படும் என்று தமிழ் மரபு சொல்லி வருவதற்கு, இருபதாம் நூற்றாண்டில், அதுவும் ஒரு பொறியின் பொருட்டு, இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. 1984இல் வெளியான அவருடைய 'டெஃக்' நூலின் பிற்சேர்க்கை ஒன்றில் இவ்விதிகள் எண்ணிட்டுத் தரப்பட்டுள்ளன. நன்னூலின் புணரியலைப் படித்தவர்க்கு அதன் நடை வியப்பளிக்காது.

ஒரு விதியை மட்டும் சற்று விரித்துரைக்கலாம். ஒரு சூத்திரத்திலுள்ள உறுப்புகள் யாவும் எட்டு இனங்களாகப் பகுக்கப்படுகின்றன. எண்ணும் மாறியும் ஓரினம்; கூட்டல் கழித்தல் போன்று இருபுறமும் துணை வேண்டுவன ஓரினம்; சமம், பெரிது, சிறிது போன்ற உறவுக்குறிகள் ஓரினம்; திறக்கும் அடைப்பு, மூடும் அடைப்பு, நிறுத்தக்குறி என்று இவ்வாறு எட்டு. அடுத்தடுத்து நிற்கும் இரண்டு உறுப்புகளின் இனத்தை நோக்கியே இடைவெளி கொள்ளப்படும். எட்டுக்கு எட்டாய் 64 கட்டங்கள். ஒவ்வொன்றிலும் இடைவெளி இல்லை, சிறிது, நடுத்தரம், பெரிது என்று குறிப்பு. நின்ற சீரின் வாய்பாட்டையும் வரும் சீரின் முதலசையையும் நோக்கித் தளை கொள்ளும் யாப்பு முறையை அறிந்தவர்க்கு இது புதிதன்று. தனிச்சீருக்குத் தளை இல்லை. தனிக்குறிக்கும் இடைவெளி இல்லை.

இதன் நுட்பம் கழித்தல் குறியில் வெளிப்படும். ஐந்திலிருந்து மூன்றைக் கழிக்கும்போது குறியின் இருபுறமும் நடுத்தர இடம் விடப்படும். குறை மூன்று என்று தனியே எழுதும்போது அதே கோடு 3-ஐ ஒட்டி நிற்கும். குறி ஒன்றே, முன்னே துணையின்றித் தொடக்கத்தில் நிற்பதால் அதன் இனம் மாறிவிடுகிறது. எழுதுபவர் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. விதி தானே அறிந்துகொள்ளும். அதே கோவை தோளின்மேல் சிற்றெழுத்தாய் ஏறும்போது அவ்விடைவெளி மறைந்துவிடும். சிறிய இடத்தில் நெருங்கி நிற்பதே அழகு என்று பழைய கம்பாசிட்டர்கள் கண்டிருந்தனர்.

உரைநடைக்கும் அவர் ஒன்று செய்தார். வரியை எங்கே முறிப்பது என்பதை ஒவ்வொரு வரியாகத் தீர்மானிக்காமல் பத்தி முழுவதையும் ஒருங்கே நோக்கித் தீர்மானிக்கும் முறையை மைக்கேல் பிளாஸ் என்பவரோடு சேர்ந்து வகுத்து 1981இல் வெளியிட்டார். பத்தியின் இறுதியில் ஒரு சொல்லை மாற்றினால் முதல் வரியின் முறிவு மாறக்கூடும். ஈற்றடிக்காக முதலடியைத் திருத்திய அனுபவம் உடையோர் இதை உணர்வர்.

எழுத்துருவையும் அவரே வரையத் துணிந்தார். அதற்கென மெட்டாஃபாண்ட் என்னும் மொழியை அமைத்தார். எழுத்தின் படத்தைச் சேமிக்காமல், பேனா செல்லும் வழியைச் சமன்பாடுகளாகச் சொல்வது அதன் இயல்பு. ஆங்கில நெடுங்கணக்கில் பிற எழுத்துகள் படிந்தன. பாம்பு போல் வளையும் 'எஸ்' மட்டும் மூன்று பகலும் மூன்று இரவும் அவரை அலைக்கழித்தது. அவருடைய துணைவியார் வந்து பார்த்து, அதை எஸ் வடிவில் வரைந்தால் என்ன என்று கேட்டாராம். இச்செய்தியை அவரே கட்டுரையில் எழுதியுள்ளார். 1981இல் இரண்டாம் பாகம் தம் முறையிலேயே அச்சாகி வந்தபோது அவர் பெரிதும் ஏமாற்றம் அடைந்தார். எழுத்து, அவர் எண்ணியதுபோல் அமையவில்லை. மீண்டும் தொடங்கினார். திருத்திய பின்னும் அவ்வெழுத்துரு தாளில் சற்று மெலிந்தே தோன்றுகிறது. இலக்கணத்தில் அவர் எய்திய உயரத்தை எழுத்து வடிவில் எய்தவில்லை என்றே கொள்ளத் தோன்றுகிறது. செருமானிய எழுத்தோவியர் எர்மன் சாஃப் அவரோடு சேர்ந்து அமைத்த ஆய்லர் எழுத்துருவோ வேறு தரத்தது. அழகிய கையெழுத்துடைய கணிதர் ஒருவர் கரும்பலகையில் எழுதினால் எப்படியிருக்கும் என்பதே அதன் கருத்து. அதில் சுழியத்தின் உச்சி, கையெழுத்தில் போலச் சற்றுக் கூராக இருக்கும்.

எழுதுகிறவர் பொறிக்கு எவ்வாறு சொல்வது? அதற்கு முன்னோடிகள் பெல் ஆய்வுக்கூடத்தின் பிரையன் கெர்னிகனும் லோரிண்டா செர்ரியும். தொலைபேசியில் ஒருவருக்குச் சமன்பாட்டைப் படித்துச் சொல்வது போலவே தட்டச்சு செய்யலாம் என்று 1970களின் நடுவில் அவர்கள் காட்டினர். 'மேல்', 'முதல்', 'வரை' என்னும் பொருளுடைய எளிய ஆங்கிலச் சொற்களே அங்கே கட்டளைகள். செவியிலிருந்து கண்ணுக்குப் போன கணிதம், அச்சேறுவதன் பொருட்டு மீண்டும் வாய்மொழியின் துணையை நாடியது. கனூத் இக்கருத்தை எடுத்துக்கொண்டு தம் குறிகளைச் சேர்த்தார். சூத்திரம் தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் டாலர் குறி இடவேண்டும். ஏன் டாலர்? கணித அச்சு செலவு மிக்கது என்பது தொழிலில் வழக்காயிற்றே என்று அவர் நகைச்சுவையாய் விளக்கம் தருகிறார். 2-இன் தோளில் 3-ஐ ஏற்ற, $2^3$ என்று அடித்தால் போதும். உயரம், அளவு, இடைவெளி ஆகியவற்றை இலக்கணம் பார்த்துக்கொள்ளும். கட்டளைகள் நிறைந்த மூலப்பிரதியைப் படிப்பது இன்பமன்று. சாய்கோடுகளும் நெளிந்த அடைப்புகளும் கண்ணைக் குத்தும். லெஸ்லி லாம்போர்ட் 1980களின் முற்பகுதியில் இதன்மேல் அமைத்த 'லாடெஃக்' அத்துன்பத்தை ஓரளவே குறைத்தது.

எழுதும் வரிசை வேறு, தோன்றும் இடம் வேறு என்னும் இக்கருத்து தமிழர்க்கு அணுக்கமானது. 'கொ' என்பதில் ககரம் முன்னும் ஒகரம் பின்னுமாய் ஒலிக்கின்றன; தாளிலோ ஒற்றைக்கொம்பு முன்னே வந்து நிற்கிறது. இன்றைய ஒருங்குறியில் ஒலிப்பு வரிசைப்படி சேமிக்கப்பட்டு, கொம்பை முன்னே கொண்டுவந்து நிறுத்தும் பொறுப்பு எழுத்துருவிடம் விடப்படுகிறது. மெட்டாஃபாண்டில் தமிழெழுத்தை வரைந்து டெஃக்கில் தமிழ் நூல் அச்சிடும் வழியை வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ரிட்ஜ்வே அமைத்தளித்தார் என்பது நன்றியோடு நினைக்கத்தக்கது.

கனூத் இவ்வமைப்பை விற்கவில்லை. எவரும் விலையின்றிக் கொள்ளலாம், படிக்கலாம், பயன்படுத்தலாம். ஒரே நிபந்தனை: மாற்றியதை அப்பெயரால் அழைத்தல் கூடாது. இடைச்செருகலால் அல்லலுற்ற பதிப்புலகம் இந்நிபந்தனையின் அருமையை அறியும். பிழை கண்டு சொல்வோர்க்குப் பரிசும் அறிவித்தார். 2 டாலர் 56 சென்டில் தொடங்கி ஆண்டுதோறும் இரட்டித்து 327 டாலர் 68 சென்டில் அது நிலைபெற்றது. காசோலை பெற்றோர் பலர் அதைப் பணமாக்காமல் சட்டமிட்டு மாட்டிக்கொண்டனர்.

இலக்கணம் நூலேறியபின் ஈயம் கோத்த கைகள் என்னவாயின? கனூத் வரும் முன்பே ஒளியச்சு அவற்றை வெளியேற்றத் தொடங்கிவிட்டது. ஆதலின் அப்பழியை அவர்மேல் சுமத்துதல் பொருந்தாது. எனினும் கம்பாசிட்டர் செய்த வேலை கூலியின்றி ஆசிரியர்மேல் ஏறியது உண்மை. ஆய்வு மாணவர் இன்று தம் ஆய்வேட்டைத் தாமே கோக்கிறார். எஞ்சிய வேலையில் ஒரு பகுதி கடல் கடந்து வந்தது. மேனாட்டுக் கணித, அறிவியல் இதழ்களின் பக்கங்களைக் கோக்கும் பணி சென்னையிலும் புதுச்சேரியிலும் திருவனந்தபுரத்திலும் நடைபெறுகிறது. அங்குப் பணிபுரிவோரின் பெயர்களும் நூல்முகப்பில் வருவதில்லை.

திரைக்கும் இவ்வெழுத்து ஏற வேண்டியிருந்தது. தொடக்கத்தில் சூத்திரங்களைப் படமாக ஒட்டினர். படத்தைத் தேடவும் முடியாது, கண்ணில்லாதார் செவிவழிக் கேட்கவும் முடியாது. 1998இல் கணிதக் குறிமொழி ஒன்று உலகளாவிய தரமாக ஏற்கப்பட்டது. 2010இல் வந்த மேத்ஜாக்ஸ் என்னும் நிரல், டாலர் குறிகளுக்கு இடையே எழுதியதைத் திரையிலேயே அழகுறக் கோத்துக் காட்டியது. கருவிகள் மாறின, எழுதும் மொழி பெரும்பாலும் கனூத் வகுத்ததே. அச்சூத்திரத்தைக் குரல்பொறி வாய்விட்டுப் படிக்கவும் இன்று வழியுண்டு.

டெஃக்கில் புதியன புகுத்துவதை அவர் நிறுத்திவிட்டார். பல ஆண்டுகளுக்கு ஒருமுறை, வந்து சேர்ந்த பிழைகளை மட்டும் பார்க்கிறார். திருத்தும்போதெல்லாம் பதிப்பெண்ணில் ஓர் இலக்கம் கூடும். 2008இல் அது 3.1415926, 2014இல் 3.14159265, 2021இல் 3.141592653. வட்டத்தின் சுற்றளவுக்கும் விட்டத்திற்கும் உள்ள விகிதத்தை அது நெருங்கிக்கொண்டே போகிறது. தாம் மறைந்தபின் பதிப்பெண்ணை அவ்விகிதத்தின் கிரேக்கக் குறியாகவே மாற்றிவிட வேண்டும், அதற்குமேல் எவரும் ஒரு புள்ளியையும் தொடுதல் கூடாது, எஞ்சிய பிழைகள் யாவும் அன்றுமுதல் இயல்புகளாகக் கொள்ளப்பட வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்.